துருப்பிடித்தது குழாயா, கொள்கையா?

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம் திருமுக்கூடல். கூடுவதற்குத் தண்ணீர் வேண்டுமே என்று கேட்காதீர்கள். ஆண்டிலே பல மாதங்கள் அங்கே கூடுவது மணல்தான். அதுவும் அள்ளியது போக மிச்சம்! அந்த மணல்வெளிக்கு மேலே, திருமுக்கூடலையும் பழையசீவரத்தையும் இணைக்கிற பாலத்தின் நடுவிலே, ஒரு மார்கழி விடியற்காலையில் ஒரு பழைய டீசல் அம்பாசடர் நின்றுவிட்டது. பின்னாலே கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் வரிசை கட்டி நின்று ஆரன் அடித்து அலறின. காருக்குள்ளே நாமும் இருந்தோம்.

கார் ஒரு பட்டு நெசவாளருடையது. தறியிலே சம்பாதித்து, மூன்றாவது கை மாறி வந்த வண்டியை வாங்கியவர். சேலை கொண்டுபோய்க் கொடுக்கவும் நூலும் சரிகையும் வாங்கி வரவும் காஞ்சிபுரத்துக்கு அதிலேதான் போவார். அன்றைக்குப் பின்னிருக்கையிலே சாய்ந்திருந்தது அவருடைய தாயார். செங்கற்பட்டு அரசு மருத்துவமனைக்குப் போகிற பயணம். ஸ்டார்ட்டர் சுழன்றது, சுழன்றது, பாட்டரி களைத்ததுதான் மிச்சம். எதிரே வந்த ஒரு வேன்காரர் நிலைமையைப் பார்த்து, வண்டியைத் திருப்பி, அம்மையாரை ஏற்றிக் கொண்டு போனார். அந்த நல்ல மனிதருடைய பெயரைக் கூடக் கேட்டுக் கொள்ளத் தோன்றவில்லை நமக்கு.

பிறகு வந்தன தீர்ப்புகள். "பம்ப் போய்விட்டது, பிரித்துக் கட்ட இருபத்தைந்து ஆயிரம் ஆகும்" என்றார் ஒருவர். "குளிர் ஐயா, கிழட்டு வண்டிக்குக் குளிர் ஆகாது" என்றார் மற்றொருவர். மூன்றாமவர் வைத்தியமே சொல்லவில்லை, ஈமச் சடங்கையே சொல்லிவிட்டார்: "1998ஆம் வருடத்து வண்டி. காயலான் கடைக்குத் தள்ளிவிட்டு வேறு வேலையைப் பார்!"

வண்டியைத் தள்ளத்தான் தள்ளினோம். ஆனால், காயலான் கடைக்கு அல்ல. வாலாஜாபாத் சாலையிலே புளியமரத்தடியில் பட்டறை வைத்திருக்கிற ஒரு மேஸ்திரியிடம் கொண்டுபோய் நிறுத்தினோம்.

அந்தப் பெரியவர் பம்பைத் தொடவில்லை. பானட்டைத் திறந்தார். ஒரு பிளாஸ்டிக் கேனிலே வடிகட்டிய டீசலை ஊற்றி உயரத்திலே கட்டித் தொங்கவிட்டார். டாங்கியிலிருந்து பீட் பம்புக்கு வருகிற குழாயைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து ஒரு ரப்பர் ஓஸை அங்கே மாட்டினார். திரும்பிப் போகிற எண்ணெயையும் அதே கேனில் விழவைத்தார். ஏர் எடுத்தார். சாவியைத் திருப்பச் சொன்னார். ஒரே சுற்று! இருபத்தைந்து ஆயிரம் கேட்ட பம்ப், கிழவிக்கு ஆகாத குளிர், காயலான் கடைக்குக் குறித்த நாள், அத்தனையும் அந்தக் கேனுக்கு முன்னாலே பொய்யாயின. அரைமணி நேரம் எஞ்சின் ஒரு முறைகூட இருமாமல் ஓடியது.

"தம்பி, வண்டிக்கு ஒண்ணும் இல்லை. எண்ணெயோட சேர்ந்து காத்தையும் குடிக்குது, அவ்வளவுதான்" என்றார் மேஸ்திரி.

இந்த இடத்திலே நாம் கொஞ்சம் நின்று விளக்கவேண்டும். ஏனென்றால், பழைய டீசல் வண்டி வைத்திருக்கிற பல பேர் ஏமாறுகிற இடம் இதுதான்.

எண்ணெய் டாங்கி காரின் பின்னாலே இருக்கிறது, எஞ்சின் முன்னாலே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே காரின் அடிவயிற்றை ஒட்டி ஓர் இரும்புக் குழாய் ஓடுகிறது. முன்னாலே இருக்கிற பீட் பம்ப் அந்தக் குழாய் வழியாக எண்ணெயை உறிஞ்சுகிறது. இளநீரை நாம் குழலிட்டு உறிஞ்சுவதைப் போல! குழலிலே ஒரு சிறு பொத்தல் விழுந்தால் இளநீர் வெளியே சிந்துகிறதா? இல்லை. காற்றுதான் உள்ளே வருகிறது. அதேபோல, உறிஞ்சுகிற குழாயிலே துரு அரித்து ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால், வண்டி ஓடும்போது தரையிலே ஒரு சொட்டு எண்ணெயும் விழாது. காற்று மட்டும் உள்ளே நுழையும். டீசல் எஞ்சினுக்குக் காற்றும் வேண்டும், எண்ணெயும் வேண்டும். ஆனால், எண்ணெய் போகிற வழியிலே காற்று நுழைந்துவிட்டால் இன்ஜெக்ஷன் பம்ப் அழுத்த முடியாமல் திணறும். எண்ணெயை அழுத்தினால் அது நாசிலைத் திறக்கும். காற்றை அழுத்தினால் காற்று சுருங்கிக் கொள்ளுமே தவிர நாசில் திறக்காது. இதைத்தான் ஓட்டுநர்கள் 'ஏர் லாக்' என்கிறார்கள். இரவெல்லாம் நின்ற வண்டியிலே, குழாயிலிருந்த எண்ணெய் மெல்ல டாங்கிக்கே வடிந்துவிடுகிறது. காலையில் நெடுநேரம் ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டியிருக்கிறது. பழியெல்லாம் பனிக்கு! சில வேளை ஏற்றத்திலே, அல்லது டாங்கியில் எண்ணெய் குறைந்திருக்கிறபோது, இழுவை தளர்ந்து எஞ்சின் அடங்கிவிடும். கசிவு கண்ணுக்குத் தெரியாததால் குற்றம் பம்பின் தலையிலே விழுகிறது. பம்பைப் பிரித்துக் கட்டி, பணத்தையும் கொடுத்து, பழைய குழாயோடு வீட்டுக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேரோ!

திரும்புகுழாயின் கதை வேறு. எஞ்சினுக்கு மிஞ்சிய எண்ணெயை டாங்கிக்கே கொண்டுசேர்க்கிற அந்தக் குழாய் இலேசான அழுத்தத்திலே இருப்பதால், அது பொத்தலானால் எண்ணெய் வெளியேதான் சிந்தும். சாலையிலே சிந்திய டீசல், பெட்ரோலைப் போலச் சட்டென ஆவியாகிவிடாது. படலமாகப் படர்ந்து கிடக்கும். பின்னாலே வருகிற ஸ்கூட்டர்காரருக்கு அது சறுக்குமரம். சூடேறிய புகைக்குழாய்மேல் சொட்டினால் தீயும் பிடிக்கலாம். ஆக, ஓட்டைக் குழாயோடு ஓடுகிற கார் உரிமையாளரின் சொந்த விவகாரம் மட்டும் அல்ல. ஊர் விவகாரமும் ஆகும்.

மேஸ்திரி வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியிலே விளக்கைக் காட்டினார். குனிந்து பார்த்தோம். நடுவிலே குழாய் நன்றாகத்தான் இருந்தது. எங்கெங்கே கிளிப் பிடித்திருந்ததோ அங்கங்கே கரையான் அரித்த கட்டையைப் போல உப்பிக் கிடந்தது. கிளிப்புக்கும் குழாய்க்கும் இடையிலே சேறு புகுந்து, ஈரம் காயாமல் தங்கி, அங்கேயே துரு குடியேறி விடுகிறது. 2015 நவம்பரிலும் டிசம்பரிலும் அடித்த மழையிலே அந்தக் கார் மூன்று நாள் அச்சளவுத் தண்ணீரிலே நின்றதாக நெசவாளர் சொன்னார். உள்ளேயிருந்தும் துரு வரும். பாதி டாங்கியோடு நாட்கணக்கில் நிறுத்தி வைத்தால், காலியிடத்துக் காற்றின் ஈரம் இரவிலே நீர்த்துளியாகி அடியிலே போய்த் தங்கும். டீசலைவிடத் தண்ணீர் கனமானதல்லவா?

"இந்த ஒரு இடத்தை மட்டும் வெட்டிவிட்டு ரப்பர் ஓஸ் போட்டு இணைத்தால் ஆகாதா, மேஸ்திரி?" என்று கேட்டார் நெசவாளர். ஏழையின் கேள்வி அது, தவறில்லை. மேஸ்திரி பதில் பேசாமல், ஸ்க்ரூ டிரைவர் முனையால் அடுத்த கிளிப்படியிலே இலேசாகக் குத்தினார். பொல பொலவென்று உதிர்ந்தது. நெசவாளருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. இழை ஒன்று அறுந்தால் முடிச்சுப் போடலாம். பாவே இற்றுப் போனால் புதுப் பாவுதானே பிணைக்க வேண்டும்?

ஊரிலே நடக்கிற ஒட்டுவேலைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சோப்புக் கட்டியைத் தேய்த்து அடைப்பது, சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டுவது, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற ஓஸை மாட்டுவது! வீடு போய்ச் சேர அது உதவும். வீட்டுக்குப் போன பிறகும் அதுவே நீடிப்பதுதான் கேடு. டீசல் பட்டால் சைக்கிள் டியூப் ஊறி உப்பிப் பிசுபிசுத்துவிடும். எரிபொருளுக்கென்றே செய்த ஓஸ் கடையிலே கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்கவேண்டும்.

செம்புக் குழாய் போட்டால் துருவே பிடிக்காதே என்று புத்திசாலித்தனமாகச் சிலர் கேட்பார்கள். துருப் பிடிக்காது, உண்மை. ஆனால் செம்பு டீசலைக் கெடுக்கும். பிசின் போல ஒரு வண்டலை உண்டாக்கி ஃபில்டரை அடைக்கும். அதிர்விலே நாளடைவில் இறுகி விரிசலும் விடும். உட்புறம் துத்தநாகம் பூசிய குழாயும் ஆகாது. டீசலோடு அது ஒத்துப் போகாது. வெளிப்புறம் பூச்சுப் பூசிய எஃகுக் குழாய், அல்லது செம்பும் நிக்கலும் கலந்த கலப்புலோகக் குழாய், இரண்டிலே ஒன்று நல்லது. முன்னது மலிவு, பின்னது விலை கூடுதல், ஆனால் கையாலேயே இதமாக வளையும், துருவும் அண்டாது. மேஸ்திரி எஃகையே எடுத்தார். நெசவாளரின் மடி கனம் அவருக்குத் தெரியும்.

வேலை நடந்ததை முழு நாளும் உட்கார்ந்து பார்த்தோம். பாட்டரி இணைப்பைக் கழற்றினார். டாங்கியை வடித்தார். முந்தின நாள் மாலையே துருவிளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்திருந்த நட்டுகளை, இரண்டு ஸ்பேனர் போட்டு, ஒன்றால் பிடித்து மற்றொன்றால் திருகிக் கழற்றினார். ஒரே ஸ்பேனரால் முரட்டுத்தனம் செய்தால் டாங்கியின் வாயே முறுக்கிக் கொண்டுவிடும் என்றார். பழைய குழாயைக் கண்டதுண்டமாக வெட்டி எறியவில்லை. முடிந்தவரை முழுதாக இறக்கித் தரையிலே கிடத்தினார். அதுதான் புதுக் குழாய்க்கு அளவு, வளைவு, வழி எல்லாம். அறுப்பதற்கு இரம்பத்தை எடுக்கவில்லை. இரும்புத்தூள் உள்ளே போனால் பம்புக்கு எமன் அது. உருளையிட்டு வெட்டுகிற சிறு கருவியால் வெட்டி, வாயின் பிசிறை வழித்தார். வளைப்பதற்கும் கருவி வைத்திருந்தார். முட்டியிலே வைத்து வளைத்தால் குழாய் மடிந்து தொண்டை நெரிந்துவிடுமாம். ஓஸ் மாட்டுகிற முனையிலே சிறு விளிம்பு எழுப்பினார், ஓஸ் நழுவாமலிருக்க. கடைசியாகக் காற்றடித்து, சுத்தமான டீசல் விட்டு அலசினார்.

பொருத்துகிற நேரத்திலே அவர் காட்டிய கவனம் இருக்கிறதே, அது நம் மனத்தை விட்டு அகலவில்லை. புகைக்குழாயின் சூடு படாமலும், சுழலுகிற தண்டு உரசாமலும், பழைய வழியிலேயே குழாயைக் கொண்டு போனார். சாணுக்கொரு கிளிப், ஒவ்வொரு கிளிப்புக்குள்ளும் ரப்பர்ப் பட்டை. இரும்பும் இரும்பும் உரசினால் பூச்சுப் போகும், பூச்சுப் போனால் துரு வரும். டாங்கிக்குள் எண்ணெய் எடுக்கிற வாயிலே சல்லடை பாதி அடைத்திருந்தது, அதையும் கழுவினார். இணைப்புகளுக்குப் புதுச் செம்பு வாஷர். (குழாய்க்கு ஆகாத செம்பு, வாஷருக்கு மட்டும் ஆகுமா என்று கேட்டோம். சிரித்தார். "கைப்பிடி உப்பு கறிக்கு ஆகாது, சிட்டிகை ஆகும்" என்றார்.) ஃபில்டரைப் புதிதாக மாற்றினார். ஃபில்டர் தலையிலிருக்கிற திருகைத் தளர்த்தி, பீட் பம்பின் கைப்பிடியை அடித்து அடித்து, நுரை போய் நூல் போலத் தெளிந்த எண்ணெய் வருகிறவரை ஏர் எடுத்தார். பிறகு இன்ஜெக்ஷன் பம்பிலும் அதேபோல. எஞ்சின் ஓடியது. பம்புக்கு முன்னாலே ஒரு துண்டு கண்ணாடி ஓஸ் மாட்டியிருந்தார். அதிலே ஒரு குமிழ்கூட ஓடவில்லை.

ஒன்றை மட்டும் உரக்கச் சொல்லிவிடுகிறோம். பம்பிலிருந்து நாசிலுக்குப் போகிற தடித்த குழாய்கள் வேறு சாதி. பழைய எஞ்சினிலேயே அவற்றுக்குள் நூறு வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தம். காமன் ரெயில் வந்த பிறகு ஆயிரத்துக்கும் மேல். அவற்றை ஒட்டவோ, வளைக்கவோ, வேறு குழாயால் ஈடு செய்யவோ கூடாது. அதே வண்டிக்கான குழாயைத்தான் போடவேண்டும். கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து எண்ணெயைச் சதைக்குள்ளே செலுத்திவிடும். காயம் முள் குத்தியதுபோலத்தான் தெரியும். விரலையே இழக்க நேரும். அப்படி ஆகிவிட்டால் அந்த நிமிடமே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

சரி, கார் பிழைத்தது. சில ஆயிரம் ரூபாயிலே முடிந்தது. பத்திரிகையிலே எழுதுகிற அளவுக்கு இதிலே என்ன இருக்கிறது?

இருக்கிறது. "1998ஆம் வருடத்து வண்டி, காயலான் கடைக்குப் போடு" என்று பாலத்தின்மீது நின்று ஒருவர் சொன்னாரே, அது அவருடைய சொந்தக் கருத்தல்ல. டில்லியிலிருந்து ஊற்றி வார்க்கப்படுகிற கருத்து! 2015இலே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலைநகர் வட்டாரத்திலே பத்தாண்டு தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்றது. 2018இலே உச்ச நீதிமன்றமும் அதை நிலைநிறுத்தியது. 2021 ஆகஸ்டிலே பழைய வண்டிகளைக் கழித்துக் கட்டுகிற கொள்கையைப் பிரதமர் அறிவித்தார். 2025 ஜூலையிலே, வயதான வண்டிகளுக்கு டில்லிப் பங்குகளில் எண்ணெயே ஊற்றக்கூடாது என்று தொடங்கி, மக்கள் கொதித்ததும் சில நாட்களிலேயே நிறுத்தி வைத்தார்கள். தமிழ்நாட்டிலே அப்படிப்பட்ட வயதுத் தடை இல்லை. ஆனால், தடையை வேறு வடிவத்திலே அனுப்புகிறார்கள். கட்டண வடிவத்திலே!

நம் நெசவாளரின் கணக்கையே பாருங்கள். சொந்தக் காருக்குப் பதினைந்து ஆண்டு முடிந்தால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2018இலே அவர் கட்டிய கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலிலிருந்து ஒன்றிய அரசு அதை 5,000 ஆக்கியது. 2023இலே அவர் 5,000 கட்டினார். 2025 ஆகஸ்டிலே இருபதாண்டு தாண்டிய கார்களுக்கு அது 10,000 ஆனது. பத்தே ஆண்டிலே 600 எங்கே, 10,000 எங்கே? குழாயைப் புதிதாக மாற்றியவருக்கும் 10,000. சோப்புக் கட்டியால் அடைத்துக்கொண்டு வருகிறவருக்கும் அதே 10,000. இது தகுதிக்குப் போட்ட கட்டணமா, வயதுக்குப் போட்ட தண்டமா என்று கேட்கிறோம்.

புகைக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இலேயே வகைப்படுத்திவிட்டது. கரும்புகை கக்குகிற வண்டியை நிறுத்துங்கள். நாமும் கூட வந்து நிறுத்துகிறோம். புகையை அளந்து நிறுத்துங்கள், பிரேக்கைச் சோதித்து நிறுத்துங்கள், அடியிலே குனிந்து குழாயைக் குத்திப் பார்த்து நிறுத்துங்கள். பிறந்த தேதியைப் பார்த்து நிறுத்தாதீர்கள் என்பதுதான் நம் வாதம். புதுக் கார் வாங்க வக்குள்ளவருக்குக் கழிவுக் கொள்கை ஒரு தள்ளுபடிச் சீட்டு. நெசவாளருக்கோ, அது காலை ஒடிக்கிற கட்டளை!

புதுக் கார் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. திருபெரும்புதூரும் ஒரகடமும் இங்கிருந்து கூப்பிடு தூரம் இல்லையென்றாலும் எட்டாத தூரமும் அல்ல. நாளெல்லாம் புதுக் கார்கள் வெளிவருகிற வட்டாரம் அது, தமிழ்நாட்டுக்குப் பெருமை. மறைமலைநகரிலே ஃபோர்டு தொழிற்சாலையும் இருந்தது. 2021 செப்டம்பரிலே இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. 2022இலே மறைமலைநகரில் கார் உற்பத்தி நின்றது. அங்கே செய்த டீசல் கார்கள் இன்றும் நம் சாலைகளில் ஓடுகின்றன. அம்பாசடரும் 2014இலே உத்தரபாராவில் நின்றுபோன வண்டிதான். செய்தவர்கள் போய்விட்ட பிறகு அந்த வண்டிகளைக் காப்பாற்றுகிறவர் யார்? புளியமரத்தடி மேஸ்திரிதான். தூக்கு மேடை இல்லை, கைக்கருவிகளை அவரே வாங்கிக் கொண்டார், சான்றிதழும் இல்லை. ஐ.டி.ஐ.களிலே டீசல் மெக்கானிக் என்று ஓராண்டுப் பயிற்சி இருக்கிறது. அதிலே படித்து வருகிற பிள்ளையும், இந்தப் பெரியவரும் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்ள ஓர் ஏற்பாடு வேண்டாமா? மாலை நேரத்திலே, ஐ.டி.ஐ. பட்டறையை இவரைப் போன்றவர்களுக்குத் திறந்துவிட்டால் என்ன குறைந்துவிடும்?

திருமுக்கூடல் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலுக்கு நம்மவர்கள் பலர் போயிருப்பீர்கள். நாம் சாமி பார்க்கப் போகவில்லை. சுவரைப் பார்க்கப் போனோம். பதினோராம் நூற்றாண்டிலே வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டிய நெடிய கல்வெட்டு அங்கே இருக்கிறது. பதினைந்து படுக்கையுள்ள ஒரு மருத்துவமனையைப் பற்றி அது பேசுகிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், மூலிகை கொண்டுவர ஆட்கள், ஒவ்வொருவருக்கும் என்ன ஊதியம் என்பது, ஓராண்டுக்குச் சேமித்து வைக்கவேண்டிய மருந்துகள், அத்தனையும் கல்லிலே இருக்கின்றன. எல்லாருக்கும் திறந்த மருத்துவமனை அல்ல அது. அங்கே படித்த மாணவருக்கும் கோயிலைச் சார்ந்த பணியாளருக்கும் உரியது. அந்தக் குறையை மறைத்துப் பழம்பெருமை பாடுவது நம் வழக்கமல்ல. ஆனால், நோய் என்ன என்று பார்க்க ஒருவரை வைத்து, மருந்தையும் முன்கூட்டியே வாங்கி வைத்த ஏற்பாடு இருக்கிறதே, அதை ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு ஒரு கார்க் குழாய் விஷயத்திலே கேட்பது பேராசையா?

ஆகவே ஒன்றிய அரசைக் கேட்கிறோம்: வயதுக் கட்டணத்தைத் திரும்பப் பெறுங்கள். சோதனையிலே தேறிய வண்டிக்குப் பழைய கட்டணம் போதும். மாநில அரசையும் கேட்கிறோம், நம் அரசு என்பதற்காகக் கேட்காமலிருக்க மாட்டோம்: ஆய்வுக்கு வருகிற பழைய டீசல் வண்டியின் அடிப்புறத்தை, கிளிப்புக் கிளிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். குழாய் இற்றிருந்தால் சான்று கொடுக்காதீர்கள். மாற்றிக்கொண்டு வர ஒரு மாதம் தவணை கொடுங்கள். கைத்தொழில் கடனிலே பட்டறை மேஸ்திரிக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள்.

அந்தத் தாயார் நலமாக இருக்கிறார். மறுமாதம் செங்கற்பட்டுக்கு அதே காரிலே போய் வந்தார். பாலத்திலே கார் நிற்கவில்லை. பழைய குழாயை நெசவாளர் எறியவில்லை, தறிக்கூடத்திலே ஆணியடித்து மாட்டி வைத்திருக்கிறார். 2028இலே பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது அதையும் கையிலே எடுத்துக்கொண்டு போகப் போகிறாராம்.